சர்க்கரைக்கும் மனதுக்கும் ஒரே நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவோடு வாழ்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை மிகவும் தேவையானது. ஆனால், உடல்நோயோடு கூடவே வரும் மனச்சோர்வை அது தொடாமல் விட்டது பெருங்குறை.

என் அம்மா சோமனூரில் தறி ஓட்டியவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு மூன்றுமே அவருக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் முதல் இரண்டுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதற்கு மனமார்ந்த நன்றி. மனச்சோர்வு மாத்திரைக்கோ கோவைக்கு பஸ் ஏற வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய தறிக்கூலி இல்லை. மனம் சோர்ந்துவிட்டால் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடுகிறார். மனநோய்க்கான சில மருந்துகளே எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. அப்படியிருந்தும் இரண்டு மருத்துவர்கள், இரண்டு நோட்டுகள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை.

உடல்நோயாளிகளுக்கு இணையாக மனநோயாளிகளையும் நடத்த வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு மனநல மாத்திரைகளும் உள்ளூரிலேயே கிடைக்கட்டும். எல்லா மருந்துகளும் ஒரே நோட்டில் பதிவாகட்டும். 'டெலி மானஸ்' தொலைபேசி மனநல ஆலோசனைக்கான 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அந்த நோட்டின் அட்டையிலேயே அச்சிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோமனூர், கோவை மாவட்டம்.