கறுத்துப்போன கடிதம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் அத்தை ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். பையில் இருந்ததை எல்லாம் மேசை மேல் பரப்பினார். மாமாவின் அடையாள அட்டை நகல், சொக்சோ கடிதம், இறப்புச் சான்றிதழ், ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுக் காகிதம். எல்லாவற்றுக்கும் கீழே பளபளவென்று லெமினேட் செய்த ஒரு தாள். முழுக்கக் கறுப்பு. பழைய காலத்துக் கார்பன் தாளைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது.

“என்னா அத்தை இது?”

“அதாம்மா உங்க மாமாவோட சர்வீஸ் லெட்டரு.”

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 27 வருஷம் பால்மரம் வெட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். போவதற்கு முன்னால் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கடிதம் ஃபேக்ஸில் வந்திருக்கிறது. எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார் என்று. தோட்டத்து ஆபீஸில் போட்டோஸ்டேட் மெஷின் கிடையாது. கிராணி ஐயா மெஷினிலிருந்து வந்த தாளையே கிழித்து அவரவர் கையில் கொடுத்து, “இத மட்டும் தொலைச்சிடாதீங்க” என்று சொல்லி அனுப்பினாராம்.

அத்தை தொலைக்கவில்லை. அலமாரியில், பட்டுப் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் ஃபைலுக்குள் ஏறக்குறைய 25 வருஷம் வைத்திருந்தார். எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. இனியும் மங்கக் கூடாது என்று 2 வருஷத்துக்கு முன் டவுன் கடை ஒன்றில் லெமினேட் செய்யக் கொடுத்தார். வெள்ளையாக உள்ளே போன தாள் கறுப்பாக வெளியே வந்தது. கடைக்காரப் பையன் பயந்துபோய்க் காசு வாங்கவில்லையாம்.

அந்தத் தாளில் மை என்று எதுவுமே இல்லை. அந்தக் காலத்து ஃபேக்ஸ் சுருளின் மேல் ஒரு பூச்சு இருக்கும், சூடு பட்டால் கறுக்கும். மெஷினுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னச் சூடேற்றிகள். எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் தாளைச் சுடும். நாம் எழுத்து என்று படித்தது எல்லாம் சூட்டுத் தழும்புதான். வெயில், வெக்கை, எண்ணெய்க் கை, சில வகைப் பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கும் ரசாயனம், இவை பட்டால் தழும்பு ஆறிப்போகும். லெமினேட் மெஷின் 100 டிகிரிக்கு மேல் சூடேறுவது. அதற்குள் போனால் தாள் முழுவதுமே எழுத்தாகிவிடும். பெட்ரோல் நிலைய ரசீது, வங்கி மெஷின் தரும் துண்டு, புதுக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கடையில் தந்த பில், இவற்றில் பெரும்பாலானவை இன்றும் இதே தாள்தான். உத்தரவாதத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை வைத்துவிட்டு முதலில் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்தக் கடிதம் இப்போது எதற்கு என்றால், முன்னாள் தொழிலாளர்களுக்கான வீட்டுப் பட்டியல் ஒன்று தயாராகிறது. எத்தனை வருஷ சேவை என்பதற்குச் சான்று வேண்டும். கடிதம் அனுப்பிய கம்பெனியோ இப்போது அந்தப் பெயரில் இல்லை. நான் போன் போட்டுக் கேட்டேன். பட்டியலைப் பார்க்கும் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். வேறு ஆதாரம் இருந்தால் பரிசீலிப்பார்களாம். இறுதி நாள் வெள்ளிக்கிழமை. “நேர்ல கொண்டு வாங்க, இல்லன்னா ஃபேக்ஸ் பண்ணுங்க.” மின்னஞ்சல் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, அது கணக்கில் சேராது என்றார்.

ரப்பர் வளையம் போட்ட கட்டுதான் கைகொடுத்தது. ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து வருஷா வருஷம் வந்த பென்யாத்தா. எந்த முதலாளி, எந்த மாதம், எவ்வளவு சந்தா கட்டினார் என்று அதில் இருக்கிறது. 1951இல் தொடங்கிய நிதி அது. தோட்டத் தொழிலாளிக்கும் கணக்கு உண்டு. சாதாரணத் தாளில் மையால் அச்சடித்தது என்பதால் பழுப்பேறியிருந்ததே தவிர அழியவில்லை. தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டையும் கிடைத்தது. நான் எழுதிய விளக்கக் கடிதத்தையும் சேர்த்து மொத்தம் 9 பக்கம்.

சரி, ஃபேக்ஸ் மெஷினுக்கு எங்கே போவது? எங்கள் நிலையத்தில் இருந்ததை நான் சேர்ந்த அடுத்த வருஷமே தூக்கிவிட்டார்கள். மெங்லெம்புவில் ஒரு லோரி ஆபீஸில் நிர்வாகம் பார்க்கும் என் பள்ளித் தோழியின் ஞாபகம் வந்தது. அவளுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்னும் ஃபேக்ஸில்தான் ஆர்டர் அனுப்புகிறார்கள்.

போய்ப் பார்த்தால் அங்கேயும் மெஷின் இல்லை! மேசைக்கு அடியில் தூசி படிந்த ஒரு கணினி, அதிலிருந்து சுவருக்கு ஒரு டெலிபோன் வயர். “இதுதான் எங்க ஃபேக்ஸ்” என்றாள். 1980களின் நடுவிலேயே கணினிக்குள் செருகும் ஃபேக்ஸ் அட்டை சந்தைக்கு வந்துவிட்டது. இப்போது ஆபீஸில் யாருக்கு என்ன அனுப்ப வேண்டுமானாலும், கணக்கு மென்பொருளில் இருந்தபடியே அச்சு என்பதை அழுத்தி, பிரிண்டர்களின் பட்டியலில் ‘ஃபேக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்பர் கேட்கும். பெயரைத் தட்டினால் முகவரிப் புத்தகத்திலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். தாள் வெளியே வருவதே இல்லை. ஆவணம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாறி, ஒரு வரிக்கு 1,728 புள்ளி வீதம், வரிசையில் போய் நிற்கும்.

வரிசை என்றேனே, அதில்தான் சூட்சுமம். எங்களுக்கு முன்னால் 3 இருந்தன. பினாங்குக்கு ஒரு இன்வாய்ஸ், கிள்ளான் துறைமுகத்துக்கு இரண்டு டெலிவரி ஆர்டர். பழைய மெஷின் என்றால் ஒருவர் பக்கத்திலேயே நின்று, பிஸி என்றால் திரும்ப டயல் செய்ய வேண்டும். இது தானே சில நிமிடம் பொறுத்துத் திரும்ப அழைக்கும். எத்தனை தடவை, எத்தனை நிமிட இடைவெளி என்பதை நாம் சொல்லி வைக்கலாம். அவசரத்தை முன்னால் தள்ளலாம், 40 பக்க விலைப்பட்டியலை ராத்திரிக்குத் தள்ளிவிடலாம். எங்களுடையதை அவள் முன்னால் தள்ளினாள்.

ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். சத்தம்தானே எனக்குப் பிழைப்பு. அழைக்கும் பக்கம் மூன்று விநாடி இடைவெளி விட்டு விட்டு அரை விநாடி ‘பீப்’ என்கிறது, 1,100 ஹெர்ட்ஸ். எடுக்கும் பக்கம் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ‘பீ’. அதற்கப்புறம் வரும் கரகர சத்தம் இரண்டும் வேகம் பேசி முடிவு பண்ணுவது. ஜப்பானில் இருக்கும் மெஷினும் ஈப்போவில் இருக்கும் மெஷினும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்குக் காரணம் 1980இல் வந்த ஒரே உலகத் தரம். அதற்குப் பிறகுதான் ஃபேக்ஸ் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஆனால் யோசனை ரொம்பப் பழசு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் என்ற கடிகாரக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1843இல். டெலிபோனுக்குக் காப்புரிமை வந்தது 1876இல். கடிதத்தின் உருவத்தைக் கம்பியில் அனுப்ப மனுஷன் யோசித்தது, குரலை அனுப்புவதற்கு 33 வருஷம் முன்னால்.

மூன்றாவது பக்கத்தில் அறுந்துபோனது. மறுபடி போட்டாள், ஐந்தாவது பக்கத்தில் அறுந்தது. தோழிக்குக் காரணம் தெரியும். போன வருஷம் ஆபீஸ் லைனை ஃபைபருக்கு மாற்றினார்கள். செப்புக் கம்பியில் சத்தம் சத்தமாகவே ஓடும். ஃபைபர் போனில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். நானும் நீங்களும் பேசும்போது ஒரு துண்டு விழுந்தால் காது கவனிக்காது. ஃபேக்ஸுக்கு அது ஒரு வரியே போன மாதிரி. இதற்காகவே 1998இல் டி.38 என்று ஒரு முறை வகுத்தார்கள். அதைத் திறந்துவிடச் சொல்லி லைன் கொடுத்தவர்களிடம் இவள் கேட்டு 2 மாதமாகிறது. அதுவரைக்கும் வேகத்தை 14,400இலிருந்து 9,600க்கு இறக்குவதுதான் அவள் கைவைத்தியம். இறக்கினாள். 9 பக்கமும் போனது. பட்டியலில் பச்சை நிறத்தில் ‘ஓகே’. வியாழக்கிழமை, மாலை 4:12.

நிம்மதியாக வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை காலையில் எதற்கும் கேட்டு வைப்போம் என்று போன் போட்டேன்.

“வரலையே.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தையிடம் என்ன சொல்வது? தோழியைக் கூப்பிட்டேன், அவள் பதறவே இல்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எதிர்ப்பக்க மெஷின் ‘கிடைத்தது’ என்று ஒரு சமிக்ஞை தர வேண்டும், அது வந்தால்தான் இங்கே ஓகே விழும். மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதி, ஆள் கைக்குப் போனதா என்பதைத்தான் ஓகே சொல்லாது. எந்த நம்பர், எந்த நேரம், எத்தனை பக்கம், எத்தனை விநாடி என்ற பதிவை எடுத்து, முதல் பக்கத்தின் படத்தையும் அதன் கீழேயே சேர்த்து அனுப்பிவைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து நான் போனில் வாசித்தேன். அந்தப் பெண் உடனே, “அந்த நம்பர் மேல் மாடி மெஷினாச்சே” என்றார். அரை மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். மேல் மாடித் தட்டில், வேறு யாருடைய காகிதங்களுக்கோ அடியில் 9 பக்கமும் இருந்தன. வியாழக்கிழமை தேதியிலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஒரு வரிப் பதிவு இல்லாவிட்டால் நான் அனுப்பினேன் என்பதும் அவர் வரவில்லை என்பதும் வாய்ப்பேச்சாகவே நின்றிருக்கும். மாமாவின் கடிதத்தை அனுப்பியபோதும் யாரோ ஒருவர் ஓகே வந்ததைப் பார்த்திருப்பார். அந்த ஓகேயும் அதே மாதிரிச் சுருள் தாளில்தான் வந்திருக்கும்.

தோழியின் கணினியில் வருவதும் போவதும் படமாகச் சேர்கின்றன. வருவது அந்தந்த ஆளின் மின்னஞ்சலுக்குப் பிடிஎஃப்ஆகப் போகிறது. யார் திறக்கலாம், எத்தனை வருஷம் வைத்திருப்பது, எங்கே இன்னொரு நகல் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு தடவை முன்பின் தெரியாத ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு இந்த லோரி ஆபீஸுக்கு வந்ததாம், ஒரு எண் தவறி. முகப்புத் தாளில் இருந்த நம்பருக்குச் சொல்லிவிட்டு அழித்திருக்கிறாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தும், விரல் சறுக்குவதைச் சட்டம் என்ன செய்யும்? முகவரிப் புத்தகத்தில் சேர்க்காத புது நம்பர் என்றால் இரண்டு தடவை அடிக்கச் சொல்லி அவளுடைய கணினி கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏற்பாடுதான்.

இந்தக் காலத்தில் ஃபேக்ஸா என்று சிரிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைகளில் புது ஃபேக்ஸ் மெஷின் வாங்கவே 2019 ஜனவரியில்தான் தடை போட்டார்கள். அப்போது அங்கே 8,000க்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஜப்பானில் 2021இல் அமைச்சகங்களிலிருந்து ஃபேக்ஸை ஒழிக்கக் கிளம்பி, அதிகாரிகளின் எதிர்ப்பில் திட்டம் அடங்கிப்போனது.

நமக்கும் அதன் மேல் ஒரு பாசம் இருக்க வேண்டும். எங்கள் நிலையத்து மூத்த அறிவிப்பாளர்கள் சொல்வார்கள், நேயர்கள் பிறந்தநாள் வாழ்த்தையும் கவிதையையும் தோட்டத்து ஆபீஸ் மெஷினில் கெஞ்சி அனுப்பியதை. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தந்து கணினியில் தமிழ் ஓடத் தொடங்கிய பிறகும், ஓரிடத்தில் தட்டிய தமிழ் இன்னோர் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. ஒருங்குறி வந்து அது தீர்ந்தது. ஃபேக்ஸுக்கு எழுத்துரு தகராறே வந்ததில்லை. கையெழுத்து எப்படியோ, அப்படியே போய் இறங்கும்.

போன வாரம் அத்தைக்குப் பதில் வந்தது. மாமாவின் பெயர் பரிசீலனைப் பட்டியலில் இருக்கிறது. வீடு கிடைக்குமா என்பது இனிமேல்தான். 9 பக்கத்தையும் நல்ல தாளில் அச்சடித்து, ஒரு தம்ப் டிரைவிலும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கறுக்காதுல்ல?”

“கறுக்காது அத்தை. ஆனா லெமினேட் மட்டும் பண்ணிடாதீங்க.”

கறுத்துப்போன அந்தப் பழைய தாளை என்ன செய்வது, குப்பையில் போட்டுவிடவா என்று கேட்டேன். கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். இப்போதும் அது அலமாரியில், அதே புடவைக்கு அடியில் இருக்கிறது.