கச்சும் கண்ணியமும்

தமிழ்க் கவிஞர் பெண்ணின் மார்பைப் பாடிச் சலித்ததில்லை. குன்றென்றனர், குடமென்றனர், அதன் பாரந் தாங்காது இடை நொந்தது என்று இரங்கவும் செய்தனர். இவற்றையெல்லாம் பல்கலைக்கழகத்தில் உரையுடன் கற்றுத் தேறினோம். ஆனால், அப்பாரத்தை நாள்தோறும் சுமக்கும் பெண்ணின் தோளும் முதுகும் படும் பாட்டை எந்த உரையாசிரியரும் நமக்குச் சொன்னதில்லை. நாமே பேசப் புகுந்தாலோ, ‘இதுவும் ஒரு பேச்சா?’ என்று முகஞ் சுளிக்கின்றனர். பாடுவதற்கு இல்லாத கூச்சம் பேசுவதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பெருத்த மார்புடைய பெண்ணொருத்தி, பொருத்தமான மார்க்கச்சு ஒன்று வாங்கத் திருகோணமலைக் கடைவீதிக்குப் புறப்படட்டும். அவளிடம் கேட்கப்படுவது ஒரே எண்: 36-ஆ, 38-ஆ, 40-ஆ? பிராவுக்கோ அளவு இரண்டு. மார்பின் கீழே விலாவைச் சுற்றிய அளவு ஒன்று. மார்பின் முழுச் சுற்றளவு அதனினும் எவ்வளவு மிகுதி என்பது மற்றொன்று. ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் இம்மிகுதியையே குறிக்கின்றன. ஏறக்குறைய ஓரங்குலத்துக்கு ஓரெழுத்து. விலா 34 அங்குலமும் மார்பு 41 அங்குலமும் உடையவளுக்கு ‘டி’யையும் கடந்த அளவு வேண்டும். அது அலமாரியில் இல்லை. “42ஐ எடுங்கோ அக்கா, காணும்” என்கிறார் விற்பனையாளர். காணாது! பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டிய கீழ்ப்பட்டி தளர்ந்து முதுகில் மேலேறுகிறது; சுமை தோள்வாரில் விழுகிறது. தோளிலே பள்ளம், கழுத்திலே நோவு, இக்கடற்கரை வெக்கையில் மார்பின் அடியிலே வேர்வைப் புண். அவளோ குற்றம் தன் உடலினதென்று எண்ணிக் கூனி நடக்கிறாள்.

அக்கூனல் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நன்றாக ஓடக்கூடிய மாணவியர் சிலர், விளையாட்டுப் போட்டி நெருங்கியதும் வயிற்றுவலி என்று ஒதுங்குவதை ஆசிரியராகிய நாம் காண்கிறோம். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியப் பள்ளி மாணவியருள் ஏறத்தாழப் பாதிப்பேர், மார்பு தம் விளையாட்டுக்கு இடையூறாவதாகக் கூறினர். கடைதோறும் அளவெடுக்கும் வசதியுள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், இங்கே வாய்திறவாப் பிள்ளைகளின் கதி என்ன?

வணிகர், ‘கேட்பார் இல்லை’ என்பர். கடைமேசைக்கு அப்பால் ஆடவர் மூவர் நிற்க, எப்பெண் வாய்விட்டுக் கேட்பாள்? கேளாததால் பொருள் வருவதில்லை. பொருள் இல்லாததால் அவளும் கேட்பதில்லை.

இலங்கை இதைத் தைக்க அறியாத நாடா? 1978-இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது முதல், இலட்சக்கணக்கான பெண்கள் தையற் பொறிகளின் முன் இளமையைக் கழித்துள்ளனர். 1987-இல் தொடங்கிய எம்.ஏ.எஸ். நிறுவனம், விக்டோரியாஸ் சீக்ரெட் முதலிய அமெரிக்க வணிகப் பெயர்களுக்கு மார்க்கச்சுத் தைத்துக் கொடுத்து வளர்ந்தது. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் அதன் ஆலைகள் எழுந்தன. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆடை இந்நாட்டிலிருந்து கப்பலேறுகிறது. அந்நியப் பெண்ணின் அளவுக்குப் பிசகாமல் தைக்கும் கைகளுக்குரியவள், தன் உடலுக்குக் கிடைத்ததை உடுத்துகிறாள். உழைப்பு நம்முடையது, அளவு பிறருடையது. இது வெட்கக்கேடு அல்லவா?

மார்பை மறைக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த காலமும் ஒன்றுண்டு. தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் நெடுங்காலம் அடியும் அவமானமும் ஏற்று நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் பின்பே, 1859-இல் அரசு இறங்கிவந்தது; அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்றே விதித்தது. அன்று பெண்ணுடலுக்கு எல்லை வகுத்தது சாதி. இன்று வகுப்பது சந்தை.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. கடையில் அளவுநாடாவுடன் ஒரு பெண் ஊழியரும் திரையிட்ட ஓர் அறையும் இருக்கட்டும். இரண்டு அளவும் குறித்த கச்சுகள் அலமாரிக்கு வரட்டும். ஏற்றுமதி செய்வோர் அவற்றில் ஒரு பங்கை உள்ளூருக்கும் நியாய விலையில் தரட்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் வகுப்பில், மாணவியர் தம்மைத் தாமே அளக்கப் பழகட்டும். அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு முன் இதைத் தொடங்க, நம் பள்ளிகளுக்கு ஓர் அளவுநாடா போதும்.