பழைய குடித்தனக்காரரின் பெயர்

பெங்களூர் காக்ஸ் டவுனில் வீடு பார்த்து முடித்தவர், அட்வான்ஸ் கொடுத்த கையோடு போய் நிற்கும் இடம் ஜெராக்ஸ் கடை. வாடகை ஒப்பந்தம் அங்கேதான் தயாராகிறது. வீட்டுக்காரர் பெயர், குடிவருபவர் பெயர், வாடகை, அட்வான்ஸ், 11 மாதம். (ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 11 மாதக் கணக்கின் ரகசியம் அதுதான்.) கடைக்காரர் எதையும் புதிதாக டைப் செய்வதில்லை. நேற்று யாருக்கோ அடித்ததைத் திறக்கிறார், பெயரை மாற்றுகிறார், பிரிண்ட் கொடுக்கிறார். ஐந்து நிமிட வேலை.

வம்பும் அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான். முதல் பக்கத்தில் பெயர் மாறியிருக்கும். மூன்றாம் பக்கத்தில், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்ற ஷரத்தில், பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாமல் இருப்பார். அட்வான்ஸ் தொகை எண்ணில் புதியது, எழுத்தில் பழையது. வீட்டைக் காலி செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில்தான் அது கண்ணில் படும். போதாக்குறைக்கு, 'சேவ் ஆஸ்' கொடுக்க மறந்து 'சேவ்' கொடுத்தால் நேற்றைய ஒப்பந்தமே காணாமல் போய்விடும்.

மருந்து வேர்டிலேயே இருக்கிறது: டெம்ப்ளேட். தமிழில் வார்ப்புரு என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் முறுக்கு அச்சு என்றால் இன்னும் சீக்கிரம் புரியும். மாவு மாறும், அச்சு மாறாது. பெயர், தொகை, தேதி இல்லாத ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, சேமிக்கும்போது 'வேர்ட் டெம்ப்ளேட்' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பின் வால் டாக்எக்ஸ் என்பதிலிருந்து டாட்எக்ஸ் ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அதை இரட்டைக் கிளிக் செய்தால் அச்சு திறப்பதில்லை. அதிலிருந்து பெயரிடாத புதிய ஆவணம் ஒன்று பிறக்கிறது. மூலத்துக்குச் சேதமில்லை. பின்னாளில் அச்சில் ஒரு ஷரத்தைத் திருத்தினாலும், முன்பு பிறந்த ஒப்பந்தங்களின் வாசகம் அப்படியே இருக்கும்.

மூன்றாம் பக்கத்துப் பெயருக்கும் வழி உண்டு. 'இன்செர்ட்' பட்டியில் 'குயிக் பார்ட்ஸ்', அதற்குள் 'டாக்யுமென்ட் பிராப்பர்ட்டி'. அங்கே கிடைக்கும் பெட்டிகளில் ஒன்றை ('சப்ஜெக்ட்' என்று பெயர் இருந்தாலும் பாதகமில்லை) குடித்தனக்காரர் பெயர் வரவேண்டிய இடங்களிலெல்லாம் வைத்துவிட்டால் போதும். ஓரிடத்தில் டைப் செய்தால் எல்லா இடத்திலும் மாறிவிடும். கடையில் இதைச் செய்து வைக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

டெம்ப்ளேட்டே பயன்படுத்தியதில்லை என்பவரும் தினமும் ஒன்றைப் பயன்படுத்துகிறார். வேர்டில் வெற்றுத்தாள் என்று நினைத்துத் திறப்பது உண்மையில் வெற்றுத்தாள் அல்ல. 'நார்மல்' என்ற டெம்ப்ளேட்டின் குழந்தை. எழுத்துரு, அளவு, ஓர இடைவெளி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. காக்ஸ் டவுன் பழைய கண்டோன்மென்ட் வட்டாரம். ஒரே மேஜையில் ஆங்கில ஒப்பந்தமும் தமிழில் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் தயாராக வேண்டும். ஆங்கிலம் சரியாக வந்து தமிழ் மட்டும் பொடியாக வருகிறதென்றால், வேர்ட் தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனிக் கணக்கில் வைத்திருப்பதே காரணம். நார்மல் ஸ்டைலைத் திருத்தும் இடத்தில் அந்தக் கணக்குக்கும் எழுத்துருவும் அளவும் கொடுத்து, 'இந்த டெம்ப்ளேட்டில் பிறக்கும் புதிய ஆவணங்களுக்கும்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு முறையும் தேய்த்துப் பெரிதாக்கும் வேலை மிச்சம். ஏதோ கெட்டுப்போய்விட்டால், வேர்டை மூடிவிட்டு நார்மல் கோப்பின் பெயரை மாற்றிவிடலாம். அடுத்த முறை திறக்கும்போது வேர்ட் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வகை, மேக்ரோவைச் சுமக்கும் டாட்எம். மேக்ரோ என்பது ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு புரோகிராம். தேதியைத் தானே போடும், தொகையை எழுத்தில் எழுதும். விஷமமும் செய்யும். 1999 மார்ச்சில் உலகைக் கலக்கிய மெலிசா வைரஸ் குடிபுகுந்தது நார்மல் டெம்ப்ளேட்டில்தான். அங்கிருந்துகொண்டு முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை ஆரம்பத்திலேயே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல்தான் கொண்டுவந்தது. யாரோ அனுப்பும் டாட்எம் கோப்பைத் திறக்காமலிருப்பதே உத்தமம்.

தமிழர் கடைகளுக்கு இன்னொரு தொல்லை: யூனிகோடுக்கு முந்தைய காலத்து டெம்ப்ளேட்டுகள். டெம்ப்ளேட் எழுத்துருவின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கும். எழுத்துருவைத் தானே சுமப்பது அபூர்வம். அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், 'திருவளர்ச்செல்வி' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கிடக்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றி, புதிய டெம்ப்ளேட்டாகச் சேமித்தாக வேண்டும். பத்திரிகை அடிக்கக் கல்யாண வீட்டார் வந்து நிற்பதற்கு முன்னால்.