தறித்தெருவின் புகையும் கோடை வெப்பமும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
பட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கம்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: கோடை முன்னறிவிப்பில் நெசவுத் தெருக்களுக்கான புகை, வெப்ப எச்சரிக்கையைச் சேர்ப்பதும் திறந்தவெளி எரிப்பைத் தடுப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் கோடை தொடங்கும் முன் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் அது வெப்ப அலை என்பதும் அந்தத் துறை வகுத்த கணக்கு. அந்தக் கணக்கில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அது பிற்பகல் வெயிலைப் பற்றியது. எங்கள் பிழைப்பு கெடுவது விடியற்காலையில்.

பொழுது புலரும் முன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவோம். வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பிடிக்காது, இழை வெடவெடத்து அறும். ஆகவே எங்களுக்கு வாய்த்தது அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். அதே நேரத்தில்தான் புகையும் தாழ்ந்து நிற்கிறது. இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்டாற்போல் படிந்துவிடுவதால், முந்தின நாள் மாலை எங்கோ வைத்த தீயின் புகை விடியும்வரை தெருவைவிட்டு நகர்வதில்லை. கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஊர் இது. கடற்காற்று வந்து அள்ளிப் போகும் என்றால் மாலைவரை காத்திருக்க வேண்டும்.

ஈரக் கஞ்சியில் கரித்துகள் ஒட்டினால் ஊதினாலும் போகாது. தேய்த்தால் இழை பிசிறும். அரக்கு உடலில் கண்ணுக்குத் தப்பிவிடும். முகூர்த்தத்துக்கு நெய்யும் சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ அப்படியே தெரியும். சரிகையின் கதை இன்னும் மோசம். பட்டிழைமேல் சுற்றியிருப்பது வெள்ளி. ரப்பரும் குப்பையும் எரியும் புகையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். புடவை பழுதானால் கூலியில் பிடித்தம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புகைக்கும் எங்களுக்கும் ஒட்டு உறவில்லை, நட்டம் மட்டும் எங்களுடையது. இந்தக் காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்குத்தான் 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

புகை என்றதும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மாண்டவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2023 ஜூனில் கனடாக் காடுகள் எரிந்தபோது நியூயார்க் வானமே ஆரஞ்சு நிறமாகியது. அவற்றை எளிதில் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊர்ப் புகை அப்படிப்பட்டதல்ல. குப்பை மேட்டிலும், ஏரிக்கரையில் காய்ந்த நாணலிலும், நவரை அறுத்த வயலிலும் மனிதர் வைக்கும் தீ அது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் குப்பை மேடுகள் நாள் கணக்கில் எரிந்ததை நாடே பார்த்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை அந்த உத்தரவைக் கடுமையாகச் செயல்படுத்த வேண்டும், குப்பை சேரும் இடங்களில் இரவுக் காவலும் தண்ணீர் லாரியும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

விவசாயிகளைப் பகைத்துக்கொண்டு எங்கள் தறி ஓட வேண்டாம். நவரை அறுவடைக்கும் சொர்ணவாரி விதைப்புக்கும் நடுவே அவர்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள். இயந்திரம் அறுத்துப்போட்ட தாளை அள்ள ஆள் இல்லாததால்தான் தீ வைக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறை வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் குறைந்த வாடகைக்கு, அதுவும் அந்த வாரங்களிலேயே கொடுத்தால் பாதிப் புகை நிற்கும். அபராதத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது முன்னறிவிப்பு. மறுநாள் விடியலில் காற்று அசையுமா, புகை தேங்குமா என்பதை முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் தெரிவிக்க வேண்டும். தெரிந்தால் பாவை ஒரு நாள் தள்ளிப் போடுவோம், அவ்வளவுதான். இதற்காக நெசவுத் தெருக்களுக்கு நடுவே ஒரு காற்றுத் தர அளவீட்டுக் கருவி வைக்கக் கேட்கிறோம். நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தேசிய வரம்பு. சராசரி எங்களுக்கு உதவாது. காலை ஐந்து முதல் எட்டு வரைக்குமான அளவு தனியாக வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்நார் கூரையின் கீழ், தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நிழல் உண்டே தவிரக் காற்று இல்லை. விசிறியை வேகமாக விட்டால் பட்டிழை உலர்ந்து அறும். பக்கத்தில் தார் சுற்றும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதே கதி. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அந்த நிவாரணத்துக்கு வீட்டுத் தறியையும் பணியிடமாகவே கருத வேண்டும். கூரைகளுக்கு வெயிலைத் திருப்பும் வெண்பூச்சு பூச உதவ வேண்டும். கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் கிடைக்கிறது, நன்றி. கத்திரி வெயிலில் பராமரிப்பு என்று பகலெல்லாம் மின்சாரத்தை நிறுத்தினால் அந்த யூனிட்டுகளை வைத்து என்ன செய்வது?

வைகாசி வெயிலில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வரும் கூட்டமும் இதே தெருக்களில்தான் நடந்து செல்கிறது. வீதிகளில் பந்தலும் குடிநீரும், கோயில் பிராகாரங்களில் தேங்காய்நார் விரிப்பும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.

மாநகராட்சி, கைத்தறி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வேளாண்மை ஆகிய நான்கு துறை அலுவலர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் ஒரே கூட்டத்தில், பங்குனி முடிவதற்குள், அழைத்துப் பேசத் தங்களை வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கப் பொறுப்பாளர்கள்

நகல்: மாநகராட்சி ஆணையர், கைத்தறித் துறை உதவி இயக்குநர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், வேளாண்மை இணை இயக்குநர்.