இன்னும் ஒரு பெட்டி!

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஆண்டு விழா மேடையில் கிடார் ஒலிக்கத் தொடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "கேக்கலே! இன்னொரு பெட்டியை மாட்டுங்கப்பா!" அந்தக் குரலுக்குப் பணிந்து ஓடுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சென்ற ஆண்டு நம் இன்னிசைக் குழுவுக்காக வாடகைக்கு எடுத்து வந்த கிடார் ஆம்ப்ளிபையர், இரண்டாவது வெளிப்பெட்டியை நான் மாட்டிய சில நிமிடங்களில் புகைந்து ஓய்ந்தது. "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரை ஏசினோம். பழுது பார்த்த செலவை விடுதித் தோழர்கள் தங்கள் காப்பிக் காசிலிருந்து பங்கு போட்டுக் கொடுத்தார்கள். உண்மையில் குற்றம் சரக்கில் இல்லை. மாட்டிய கையில் இருந்தது. பக்க இணைப்பு மின்தடைக் கணக்குக்கு அந்தப் பருவத் தேர்வில்தான் நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்!

ஓம் விதியை விடைத்தாளோடு விட்டுவிட்டு மேடையேறும் வரை நம் விழாக்களில் இந்தப் புகை நிற்காது என்பதே என் கருத்து. இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

அந்த ஆம்ப்ளிபையரின் பின்புறம், 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் 8 ஓம். வெளிப்பெட்டிகளும் ஒவ்வொன்றும் 8 ஓம். வெளிப்பெட்டிக்கான துளையில் செருகினால் அது உள் ஸ்பீக்கரோடு பக்க இணைப்பில் சேரும். பக்க இணைப்பில் பெட்டி கூடக்கூடத் தடை குறையும். மண்டபத்துக்கு இன்னொரு வாசலைத் திறந்தால் கூட்டம் விரைவாக வெளியேறுவது போலத்தான். ஒரு வெளிப்பெட்டி மாட்டினால் 4 ஓம், அது எல்லை. இரண்டாவதை மாட்டினால் 2.67 ஓம். வெளிவரும் மின்னழுத்தம் 20 வோல்ட் என்று கொண்டால், தனி ஸ்பீக்கருக்கு 2.5 ஆம்பியர், இரண்டுக்கு 5, மூன்றுக்கு 7.5 ஆம்பியர் ஓடவேண்டும். அதைத் தாங்காத டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகின. இத்தனைக்கும் கிடைக்கும் பயன் என்ன? ஆற்றல் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். பெட்டியைத் தலைமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கடைசி வரிசையை நோக்கித் திருப்பியிருந்தாலே அந்தக் குரல் அடங்கியிருக்கும்.

"திருவிழாவில் தெருத்தெருவாகக் குழாய் கட்டுகிறார்களே, அது மட்டும் எப்படி?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் தவறான துணிச்சலின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது. நெடுந்தூரம் குழாய் கட்டும் மைக் செட்டில் 100 வோல்ட் லைன் என்றொரு முறை உண்டு. அதில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். 10 வாட் குழாய் ஒன்று அந்த லைனுக்கு 1,000 ஓமாகத் தெரியும். பத்துக் குழாய் கட்டினாலும் 100 ஓம்தான். அங்கே வாட்டைக் கூட்டிப் பார்த்தால் போதும். கிடார் ஆம்ப்ளிபையரில் ஓமையும் கணக்கிட வேண்டும். மைக் செட் அண்ணனுக்குத் தம் முறை நன்றாகத் தெரியும். அதை அரைகுறையாகப் பார்த்துக் கற்றவர்கள் நாம்தான்.

வால்வு ஆம்ப்ளிபையரில் வேறொரு ஆபத்தும் உண்டு. கிடார் கலைஞர்கள் இன்றும் விரும்பும் அந்த வகையில், ஸ்பீக்கரே இல்லாமல் வாசித்தால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் சுருளே பழுதாகலாம். எனவே வாசிக்கும்போது ஸ்பீக்கர் வயரை உருவிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ட்வின் ரிவெர்பில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு பக்க இணைப்பில் அமைந்து 4 ஓம் ஆகின்றன. வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். நாம் கணக்கில்லாமல் சேர்க்கலாமா?

வயரும் அற்பமன்று. கிடாரிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு வரும் மெல்லிய கேபிளையே ஸ்பீக்கருக்கும் போடுகிறோம். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 15 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் தடை மட்டும் ஏறத்தாழ 2.5 ஓம். 4 ஓம் பெட்டிக்கு அனுப்பும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே வெப்பமாகிப் போகும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தடை 0.35 ஓம்கூட இல்லை. இதைவிடக் கொடியது, ஸ்பீக்கர் வயரின் நுனியில் சுவர்ப் பிளக்கை மாட்டி வைக்கும் பழக்கம். இருட்டில் ஒரு தம்பி அதைச் சுவரில் செருகினால் பாய்வது 230 வோல்ட். பிளக் கழன்ற மறுமுனை அவன் கையில் இருந்தால் போவது பெட்டி அல்ல, உயிர்.

"இதெல்லாம் வாடகைக்காரர் வேலை, மாணவனுக்கு எதற்கு?" என்பார் உளர். வாடகைக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மாட்டுவதும் கழற்றுவதும் நாம்தானே? அதனால் நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்கள். நம்மிடம் உள்ள ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஓம், வாட் அளவுகளைப் பெயிண்டால் பெரிதாக எழுதுவோம். விழாவுக்கு முன் இயற்பியல் ஆய்வகத்தில் எந்தத் துறை மாணவரும் வந்து கற்க ஒரு மாலை ஒதுக்குவோம். நல்ல 8 ஓம் ஸ்பீக்கரை ஓம் மீட்டரில் அளந்தால் 6 அல்லது 7 ஓம்தான் காட்டும் என்பதைக்கூட நம்மில் பலர் கண்டதில்லை. விழாவன்று மாட்டும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைப்போம். ஆம்ப்ளிபையரை அணைத்த பிறகே அவர் வயரைத் தொடட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு டப்பா பெயிண்டும் கொஞ்சம் நல்ல வயரும்.

அடுத்த ஆண்டு விழாவிலும் கடைசி வரிசை கத்தத்தான் செய்யும். அது அதன் உரிமை. அப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தம்பியை நிறுத்தி, "இதோடு சேர்த்தால் எத்தனை ஓம்?" என்று ஒருவர் கேட்டால் போதும். விடுதித் தோழர்களின் காப்பிக் காசு பிழைக்கும்.