கனவான்களின் உடன்படிக்கையும் 346 உயிர்களும்

அமெரிக்காவின் மக்டொனல் டக்ளஸ் கம்பனி செய்த டீ.சீ. 10 என்னும் அகன்ற உடல் விமானத்தின் பிரயாணிகள் சேவை, 2014 பெப்ரவரியில் வங்காளதேசத்தின் பிமான் நிறுவனத்தோடு முடிவுற்றது. முடிவுற்ற பின் புகழ்மாலை சூட்டுவோருக்குக் குறைவில்லை. “நல்ல விமானம்; ஆரம்பத்திற் சில சிறு கோளாறுகள் இருந்தன; பின்னர் திருந்திவிட்டது” என்கின்றனர். அச்சிறு கோளாறு யாதென்பதை நாம் சொல்கிறோம். வாசகரே தீர்ப்புக் கூறட்டும்.

பிற்காலத்தில் எயர் லங்காவும் பறக்கவிட்ட லொக்ஹீட் ட்ரைஸ்டாரை முந்திவிட வேண்டுமென்ற அவசரத்திற் பிறந்தது டீ.சீ. 10. 1970 ஓகஸ்டில் முதன்முதற் பறந்தது. மறு ஆண்டு ஓகஸ்டிற் சேவைக்கு வந்தது. அதன் பொதியறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. நீர்த்தொட்டியின் துவாரத்தை உள்ளிருந்து அடைத்த கட்டை நீரின் பாரத்தாலேயே மேலும் இறுகும். வெளியிலிருந்து அடைத்த கட்டையை அதே நீர் தள்ளிவிடும். இதை அறியாத கமக்காரன் உண்டா? உயரத்திற் பறக்கும் விமானத்தினுள் அடைபட்ட காற்றும் இவ்வாறே கதவைத் தள்ளுகிறது. உள்ளே கூடுதற் பொதி ஏற்றலாம் என்பதற்காக வெளிப்புறக் கதவு வைத்தனர். வைத்ததோடு, கொளுக்கிகள் சரியாகப் பூட்டாதபோதும் கைபிடியைப் பலமாக அழுத்தினால் மூடிக்கொள்ளும்படி அதனை அமைத்தனர். கதவு பறந்தால் பொதியறைக் காற்று வெளியேறும். மேலேயுள்ள பிரயாணிகள் அறையின் காற்று தளத்தை அமுக்கி உடைக்கும். வாலை இயக்கும் கம்பிவடங்களோ அத்தளத்தோடுதான் ஓடின.

இது பின்னர் கண்டறிந்த இரகசியமன்று. 1970 மே மாதத்திலேயே, நிலத்தில் நடந்த சோதனையிற் கதவு பிய்ந்து தளம் இடிந்தது. 1972 ஜூன் 12ஆந் திகதி கனடாவின் வின்சர் நகரின் மேல், 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானமொன்றின் பின்கதவு பறந்தது. பொதியறையிலிருந்த சவப்பெட்டி ஒன்றும் வெளியே விழுந்தது. எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியுங் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வித்தையை முன்கூட்டியே பழகியிருந்த கப்டன் பிறைஸ் மக்கோமிக், 67 பேரையும் உயிரோடு டிட்ரோயிற்றில் இறக்கினார்.

பதினைந்து நாட்களின் பின், விமான உடலைச் செய்த கொன்வெயார் கம்பனியின் எஞ்சினியர் டான் அப்பிள்கேற், இக்கதவுகள் இனியுந் திறக்கும், விமானங்கள் அழியும் என்று தம் மேலாளருக்கு எழுதினார். செலவை யார் தலையிற் கட்டுவது என்ற கணக்கில் அக்கடிதம் பெட்டிக்குள் உறங்கியது. அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் என்ன செய்தது? அதன் பிராந்திய அலுவலகம் கட்டாயக் கட்டளை ஒன்றை வரையத் தொடங்கியிருந்தது. தலைவர் ஜோன் ஷாபரும் டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மக்கவனும் தொலைபேசியிற் பேசினர். கட்டளை வேண்டாம், கம்பனி தானாகவே திருத்திக்கொள்ளும் என்று முடிவாயிற்று. இதற்குக் ‘கனவான்களின் உடன்படிக்கை’ என்று பெயர்! பயணச்சீட்டு வாங்கியவன் கனவானல்லன் போலும். அவனை எவருங் கேட்கவில்லை.

துருக்கிய விமான நிறுவனத்துக்கான டீ.சீ. 10 ஒன்று தொழிற்சாலையிலேயே நின்றது. திருத்தம் செய்தாயிற்று எனப் பதிவேட்டில் முத்திரைகள் விழுந்தன. கதவிலோ திருத்தம் முழுமையாக இல்லை. 1974 மார்ச் 3ஆந் திகதி அது பாரிசின் ஓர்லியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. பிரித்தானிய விமான ஊழியரின் வேலைநிறுத்தத்தால் வேறு விமானம் கிடைக்காத பலரும் ஏறியிருந்தனர். சில நிமிடங்களிற் கதவு பறந்தது, தளம் இடிந்தது, வடங்கள் செயலிழந்தன. ஏர்மனோன்வில் காட்டில் 346 பேரும் மாண்டனர்.

உடனே பழி யார்மீது விழுந்தது? கதவை மூடிய சுமைத் தொழிலாளியின் மீது! பூட்டு விழுந்ததா என்று பார்ப்பதற்கான துவாரத்தின் அருகில் ஆங்கிலத்திலும் துருக்கிய மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இரண்டும் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழிகள். தொழிலாளிக்குப் புரியாத பாஷையில் எச்சரிக்கை எழுதிவிட்டு, எச்சரித்தோம் எனக் கைகழுவுவதை நாம் வஞ்சகம் என்போம். கட்டாயக் கட்டளை அதன் பின்னர்தான் வந்தது.

1979 மேயிற் சிக்காகோவில் எஞ்சின் கழன்று 273 பேர் இறந்ததற்கு, விமானக் கம்பனியின் பராமரிப்பு முறையே முதற்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் லொக்ஹீட் ட்ரைஸ்டாரில் நான்கு ஹைட்ரோலிக் தொகுதிகள் இருக்க இதில் மூன்றே இருந்தன. 1989 ஜூலையில் வால் எஞ்சின் சிதறியபோது மூன்றும் ஒருங்கே அற்றன. சூ நகரில் 184 பேர் பிழைத்தது விமானிகளின் திறமையால்.

மக்டொனல் டக்ளஸ் 1997இற் போயிங்குடன் இணைந்தது. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவில் போயிங் 737 மக்ஸ் விழுந்து 189 பேர் மாண்டனர். அதே நிர்வாகம் விமானிகளின் கைந்நூலைத் திருத்தச் சொல்லியதோடு நின்றது, விமானங்களை நிறுத்தவில்லை. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர் மாண்டனர். இரண்டையுங் கூட்டிப் பாருங்கள்: 346.