பேனா பிடித்த கைக்குப் பின்பலம் யார்?

மன்றக் கூட்டம் கலைந்துவிட்டது. மேயர், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். காரசாரமாக மோதிக்கொண்ட இரு கட்சிக் கவுன்சிலர்களும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டனர். ஒரே ஒரு மேசையில் மட்டும் விளக்கு எரிகிறது. குனிந்த தலை நிமிராமல் அங்கே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், எந்தத் திருத்தம் வென்றது, எது வீழ்ந்தது — அத்தனையும் எழுதுகிறார்.

யார் அவர்? வாக்குப் பெற்றவர் அல்ல. வாழ்த்தொலி கேட்டவர் அல்ல. மாலை விழுந்த கழுத்தல்ல அது! இங்கிலாந்து நாட்டு நகரமன்றங்களில் முன்பு 'கமிட்டி கிளார்க்' என்று அழைக்கப்பட்டவர். இன்று 'ஜனநாயகப் பணி அலுவலர்' என்று பெயர். பெயர் பெரிதாகிவிட்டது, பலம் பெரிதாகிற்றா? அதுதான் கேள்வி.

"எங்கோ இருக்கும் இங்கிலாந்துக் குமாஸ்தாவைப் பற்றி, தறி ஓட்டும் நாங்கள், மூட்டை தூக்கும் நாங்கள் ஏன் கவலைப்படவேண்டும்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தோழர்களே! ஜனநாயகம் தேர்தலன்று காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும் திருவிழா அல்ல. வாக்குப் போட்டுவிட்டு வந்த ஏழை, தான் அனுப்பிய உறுப்பினர் என்ன செய்கிறார் என்று அறியவேண்டாமா? வீட்டு வாடகை உயரப் போகிறது, தெருவின் நூல்நிலையம் மூடப்படப் போகிறது என்றால், முடிவெடுக்கும் முன்னரே அவனுக்குத் தெரியவேண்டாமா? இங்கிலாந்துச் சட்டப்படி, கூட்டத்துக்கு ஐந்து முழு நாட்களுக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிடவேண்டும். வெளியிடும் கை யாருடையது? அந்த விளக்கடியில் எழுதுகிறாரே, அவருடையது!

இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. 1908-ல், வேல்ஸ் நாட்டு டென்பி நகரமன்றக் கூட்டத்துக்குள் நுழையப் பத்திரிகையாளருக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றமே கூறிற்று. எதிர்ப்பு எழுந்தது, அதே ஆண்டு பத்திரிகையாளரை உள்ளே விடும் சட்டம் வந்தது. பொதுமக்களுக்கும் கதவு திறக்க 1960 ஆயிற்று. கமிட்டிகளின் காகிதங்களும் மக்கள் பார்வைக்கு வர 1985 ஆயிற்று.

அந்த 1960-ம் ஆண்டுச் சட்டத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கசப்பான பாடம், ஆனாலும் மறைக்கமாட்டோம். 1950-களின் இறுதியில் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிற்கட்சி ஆண்ட சில நகரமன்றங்கள், அதை மீறி வெளிவந்த ஏடுகளின் நிருபர்களை வெளியே நிறுத்தின. தொழிலாளிக்குத் துணைநின்ற நோக்கம் நல்லதுதான். ஆனால், சாத்திய கதவு நிருபரை மட்டுமா வெளியே நிறுத்திற்று? ஊரின் கண்ணையும் அல்லவா மறைத்தது! கதவைத் திறக்கும் மசோதாவை அப்போது கொண்டுவந்தவர் யார் தெரியுமா? புதிதாகப் பாராளுமன்றம் புகுந்த மார்கரெட் தாட்சர்! பின்னாளில் தொழிற்சங்கங்களோடு மல்லுக்கு நின்றாரே, அவரேதான். நாம் விட்ட இடத்தில் எதிரி வந்து நின்றார். யார் ஆண்டாலும் கதவு திறந்திருக்கவேண்டுமானால், யாருக்கும் கட்டுப்படாமல் விதிக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒருவர் சாவியை வைத்திருக்கவேண்டும்.

அப்படிப்பட்டவருக்குச் சட்டம் என்ன செய்திருக்கிறது? வாயைக் கட்டியிருக்கிறது! கமிட்டிகளுக்கு வழக்கமாக ஆலோசனை கூறும் பதவியில் இருப்பவர், 1989-ம் ஆண்டுச் சட்டப்படியும் அதையொட்டிய விதிகளின்படியும், பாராளுமன்றத் தேர்தலில் நிற்கக்கூடாது. கட்சிக்கு வாக்குக் கேட்கக்கூடாது. கட்சிப் பொறுப்பு வகிக்கக்கூடாது. சரி, நடுநிலை வேண்டும், ஒப்புகிறோம். அதே சட்டம்தான், கட்சிகளின் பலத்துக்கு ஏற்பக் கமிட்டி இடங்களைப் பங்கிடவேண்டும் என்கிறது. அந்தக் கணக்கைப் போடுபவரும் இவரே. எதிர்க்கட்சிக்கு ஓர் இடம் குறைந்தால், "விதி இது, ஐயா" என்று ஆளுங்கட்சித் தலைவரிடம் சொல்லவேண்டியவர் இவரே. சொன்னால் முறைப்பார்கள். சொல்லாவிட்டால் சட்டம் சாகும். வாய் கட்டப்பட்டவன் தனியாளாக நின்றால் என்ன செய்வான்?

2020 டிசம்பரில் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊராட்சிக் கூட்டம் கணினித் திரையில் நடந்தது. அந்தப் படக்காட்சியைச் சில வாரங்களில் உலகமே பார்த்துச் சிரித்தது. உனக்கு இங்கே அதிகாரம் இல்லை என்று ஒரு பெண்மணியை நோக்கி ஆண்கள் கூச்சலிட்டார்கள். ஜாக்கி வீவர் என்ற அந்த அம்மையார், தடுமாறி நின்ற ஊராட்சிக்கு உதவ வந்தவர். செஷயர் வட்டார ஊராட்சிகளின் சங்கத்தைச் சேர்ந்தவர். கூச்சலிட்டவர்களை அவர் கூட்டத்திலிருந்தே அகற்றினார். அகற்ற அவருக்கு முறையான அதிகாரம் இல்லை என்றும், அந்த நிலைமையில் அவர் செய்தது புரிந்துகொள்ளத்தக்கதே என்றும் பின்னர் விசாரணை கூறிற்று. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், நாம் சிந்திப்போம். துணைக்கு ஒரு சங்கம் இருந்ததால் அவர் வந்தார். துணையே இல்லாத எத்தனை எழுத்தர்கள், திரையில் வராத கூட்டங்களில் திட்டு வாங்குகிறார்களோ!

அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம். 'ஜனநாயகப் பணி அலுவலர் சங்கம்' என்று அங்கே ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'அட்சோ' என்பார்கள். வேலைக்குப் புதியவருக்குப் பயிற்சி தருகிறது. தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. சிக்கல் வந்தவருக்கு, அதே சிக்கலைத் தாண்டிய வேற்றூர்க்காரரைத் தோழராக்குகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் திரைவழிக் கூட்டம் நடத்த அளிக்கப்பட்ட அனுமதி 2021 மே மாதத்தோடு முடியவிருந்தபோது, அதைத் தொடர வழி தேடி, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்சிலோடும் உள்ளாட்சி வழக்கறிஞர் சங்கத்தோடும் சேர்ந்து உயர்நீதிமன்றம் சென்றது. வழக்குத் தோற்றது. ஆனால், தனி எழுத்தர் ஒருவர் அமைச்சரை எதிர்த்துப் படியேறியிருக்க முடியுமா? தோற்றாலும் படியேற வைத்தது சங்கம்!

"இது கனவான்களின் சங்கமாயிற்றே, தொழிற்சங்கம் அல்லவே" என்பார் சிலர். உண்மைதான். கூலிக்கும் விடுமுறைக்கும் போராடத் தொழிற்சங்கம் வேண்டும். வேலையை நேர்மையாகச் செய்யத் தெம்பு தரத் தொழில்முறைச் சங்கம் வேண்டும். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று முதுகெலும்புக்கு. 1905-ல் பிறந்த உள்ளாட்சி அலுவலர் அமைப்பான 'நால்கோ', அனைத்துத் தொழிற்சங்கங்களின் பேரவையில் சேர 1964 வரை ஆயிற்று. "நாங்கள் அலுவலர்கள், அவர்கள் தொழிலாளர்கள்" என்ற தயக்கம் உடைய அவ்வளவு காலம்! நாமும் அதே சுவரை மறுபுறத்திலிருந்து எழுப்பலாமா?

சங்கம் கேட்டால் மட்டும் போதாது, சட்டமும் தரவேண்டும். வேல்ஸில் 2011-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டி கவுன்சிலும் 'ஜனநாயகப் பணித் தலைவர்' ஒருவரைக் குறிப்பிடவேண்டும்; அவருக்குப் போதிய ஆளும் இடமும் வசதியும் தரவேண்டும் என்றது. வேல்ஸுக்கு வேண்டியது இங்கிலாந்துக்கு வேண்டாமா? அதற்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பதே நமது கருத்து.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, மேயர், ஆல்டர்மென் என்று இங்கிலாந்தின் வார்ப்பிலேயே உருவானது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம், கிராமசபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. சபை பேசுகிறது, எழுதும் கை எழுதுகிறது. எழுதியதே நாளை சாட்சி.

ஆகவே தோழர்களே, அடுத்த கிராமசபைக்குப் போங்கள். பேசுங்கள், பேசியது எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதியதற்காக அந்த ஊராட்சிச் செயலாளரை எவராவது மிரட்டினால், மிரட்டுபவர் நம்மவராகவே இருந்தாலும், செயலாளர் பக்கம் நில்லுங்கள். அந்தப் பேனா வளைந்தால், நாளை வளைவது நம் முதுகு!